விரதம் போலிருந்தது

ரூபேந்திரன் இரண்டு கவளத்தோடு இலையை மடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்து, அவன் அம்மா வெள்ளையம்மா கைகூப்பினாள்.

"சாமி இன்னும் கொஞ்சம் சாப்பிடக் கூடாதா?"

பெற்ற மகனைத்தான் அப்படிக் கேட்டாள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருப்பவன் எவனாக இருந்தாலும், அவன் பேரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மலேசியாவின் சிகாமட்டில் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்றுவரை 'டேய்' போட்டவர்களும் அப்படித்தான்.

"போதும்மா."

"ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சோறு. அதையும் கொறிச்சுட்டு எந்திரிக்குது பாரு," என்று அவள் மகள் ஷாமளாவிடம் சொன்னாள். குரலில் கவலை இல்லை, பெருமை இருந்தது. "ஆறு மாசத்துக்கு முன்னாடி எப்படிக் கிடந்த புள்ள!"

"கொறைச்சுச் சாப்பிட்டா புண்ணியம்னா நானும் டயட்லதான் இருக்கேன். எனக்கும் ஒரு கும்பிடு போடுங்க," என்றாள் ஷாமளா.

"வாயில போடுவேன்."

சிரிக்க வேண்டிய இடம் என்று ரூபேந்திரனுக்குத் தெரிந்தது. உதட்டை அதற்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். அவனுக்குப் பசிக்கவில்லை, விஷயம் அவ்வளவுதான். சோறு நனைந்த காகிதம்போல நாக்கில் கிடந்தது. அதை விழுங்குவது ஒரு வேலையாக இருந்தது, அந்த வேலையை அவனால் இரண்டு தடவைக்கு மேல் செய்ய முடியவில்லை.

விரதக்காரன் கட்டிலில் படுக்கக் கூடாது; அவன் தரையில் பாயைப் போட்டுப் படுத்தான். ஆனால் தூங்கவில்லை. விரதக்காரன் சவரம் செய்யக் கூடாது. அவன் தாடி வளர்ந்தது. விரதமே இல்லாவிட்டாலும் அவனால் ஒரு கண்ணாடி முன்னால் நின்றிருக்க முடியாது. கேளிக்கை கூடாது, வெட்டிப் பேச்சு கூடாது. அவனுக்குப் பேச்சே வரவில்லை. கோயிலில் மற்ற பையன்கள் காப்புக் கட்டிய கையோடு கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்க, இவன் தூணில் சாய்ந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் அவனைக் காட்டித் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். ஒரு அக்கா கைக்குழந்தையை அவன் காலடியில் கிடத்தி விபூதி பூசச் சொன்னார். பூசினான். குழந்தை சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒரு கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது.

விரதமும், ஆறு மாதத்துக்கு முன்னால் அவனைக் கிடத்திய அந்த நோயும் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குள் வந்திருந்தன. எது எது என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாள்வரை அவனுக்கே தெரியவில்லை.

அவன் அப்பா அய்யாவு மட்டும் அவனைக் கும்பிடவில்லை. வாசல் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வை ரூபேந்திரனுக்குப் பிடிக்கவில்லை. அந்த முகத்திலிருந்து தப்பிக்கத்தான் அவன் பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போனான்.

அய்யாவு காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். பிறகு குடும்பத்தோடு சிகாமட்டுக்கு வந்து ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் ஜாகாவாக, வாசல் காவலுக்கு இருந்தார். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை, காரணம் எதுவும் சொல்லாமல், வேலைக்குப் போவதை நிறுத்திவிடுவார். நாற்காலியில் உட்கார்வார். மாதக் கணக்கில் அப்படியே இருப்பார். பிறகு ஒருநாள் எழுந்து குளித்துவிட்டு வேறு வேலை தேடிக்கொண்டு போவார். வீட்டில் அதற்கு ஒரு பேர் இருந்தது: "அப்பா உட்காந்துட்டாரு." மழை வந்துவிட்டது என்று சொல்வதுபோல வெள்ளையம்மா அதைச் சொல்வாள். அதை யாரும் நோய் என்று நினைக்கவில்லை. சொந்தக்காரர்கள் சோம்பேறித்தனம் என்றார்கள், சிலர் செய்வினை என்றார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள்.

"டேய் ரூபேன், உங்கப்பாவ எப்படா தம்போய்க்கு அனுப்பப் போறீங்க?"

தம்போய் என்பது ஜோகூர் பாருவில் மனநல மருத்துவமனை இருக்கும் இடம். அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது. ரூபேந்திரன் அன்றைக்கே முடிவு செய்தான்: நான் எதற்காகவும் உட்கார மாட்டேன்.

அதனால் ஓடினான். சிங்கப்பூரில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. ஜோகூர் பாருவில் வாடகை அறை, கூடவே தீபன் என்ற நண்பன். இருவரும் விடியும் முன்பே எழுந்து, ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில், ஆயிரக்கணக்கான மோட்டார்களின் புகைக்கு நடுவே பாலத்தைக் கடந்து வேலைக்குப் போனார்கள். தூக்கம் என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரும் விருந்தாளி. தீபன் வண்டி ஓட்டும்போதுகூடப் பாடுவான். தலைக்கவசத்துக்குள்ளிருந்து வரும் அந்தப் பாட்டில் சுருதியும் இருக்காது, சொல்லும் இருக்காது.

போன ஆண்டு மார்ச்சில் சிகாமட்டில் வெள்ளம் வந்தது. கம்பம் என்று அழைக்கும் ஆற்றோரக் குடியிருப்பில் இருந்த அவர்கள் வீட்டில் சன்னல் வரைக்கும் தண்ணீர். சாலைகள் எல்லாம் அடைபட்டுக் கிடந்ததால் ரூபேந்திரனால் ஊருக்குப் போக முடியவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்திருந்த அம்மா கைப்பேசியில், "ஒண்ணும் இல்லப்பா, நீ வேலையப் பாரு," என்றாள். பின்னால் யாரோ அழுதார்கள். தண்ணீர் வடிந்ததும் வந்து சேற்றை வழித்தான். குளிர்பெட்டி மல்லாந்து கிடந்தது. ஷாமளாவின் சான்றிதழ்கள் மாவாகிப்போயிருந்தன. தூக்கிப் போட்ட சாமான்களை மறுபடி வாங்க அவன் கூடுதல் ஷிப்ட் எடுத்தான்.

ஜூன் மாதத்தில் தீபன் போனான். வழக்கமாக ரூபேந்திரன்தான் முன்னால் ஓட்டுவான், தீபன் பின்னால் வருவான். அன்றைக்கு ரூபேந்திரனுக்குக் கண் எரிந்தது. "நீ முன்னால போடா, நான் உன் பின்விளக்கப் பாத்துக்கிட்டே வர்றேன்," என்றான். அந்தப் பின்விளக்கை ஒரு லாரி மறைத்தது. லாரி விலகியபோது விளக்கு இல்லை.

தீபனை அடக்கம் செய்துவிட்டு வந்து, இரண்டு வாரம் ஒன்றுமே நடக்காததுபோல வேலைக்குப் போனான். பிறகு ஒரு காலையில் காலில் சப்பாத்தைப் போட உட்கார்ந்தவன் எழவில்லை. வாடகை அறையின் தரையில், ஒரு கால் சப்பாத்தோடு, மத்தியானம் வரை இருந்தான். வீட்டுக்காரர்தான் ஊருக்குப் போன் செய்தார்.

அவனைக் காரில் அழைத்துவந்தபோது வெள்ளையம்மா அய்யாவுவைத் திரும்பிப் பார்த்தாள்.  அந்தப் பார்வையை ரூபேந்திரன் படித்துவிட்டான். பையனும் உட்கார்ந்துவிட்டான்.

ஷாமளாதான் அவனை அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். தினமும் காலையில் ஒன்று போடச் சொல்லி ஒரு கேப்சூல் கொடுத்தார்கள். வெள்ளையம்மா இன்னொரு பக்கம் தன் வைத்தியத்தைப் பார்த்தாள். மகன் எழுந்து நடமாடினால் தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பால்காவடி எடுப்பான் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். சில வாரங்களில் அவன் தானாகக் குளித்தான். தீபாவளிக்கு முறுக்குச் சுட உதவினான். கேப்சூல் வேலை செய்ததா, நேர்த்தி வேலை செய்ததா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவனும் நினைத்தான்.

அந்த இரண்டும் மோதும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

காப்புக் கட்டிய அன்று காலை கோயில் மண்டபத்தில் எல்லோரும் இலை போட்டுச் சாப்பிட்டு முடித்தார்கள். ரூபேந்திரன் பையிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்தான். காவடிக் குழுத் தலைவர் மனோகரன் பக்கத்தில் இருந்தார்.

"என்ன தம்பி அது?"

"கிளினிக்ல குடுத்ததுண்ணே."

"காட்டு." அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "இதுல ஹலால்னு சாப், முத்திரை போட்டிருக்கு, பாத்தியா?"

"ம்."

"ஏன் போடறான்? இந்தக் கேப்சூல் தோலு இருக்கே, அது ஜெலட்டின். பன்னி இல்லன்னு காட்டத்தான் அந்தச் சாப்; இது மாட்டுல எடுக்கறது. என் மச்சான் மருந்துக் கடையில வேல செய்றான், அவன்தான் சொன்னான். ஜெல்லி மிட்டாய்லயே பாத்துதானே பிள்ளைங்களுக்கு வாங்கிக் குடுக்கறோம்."

எதிர் வரிசையில் வேலு என்ற பையன் கையைக் கழுவாமலே எட்டிப் பார்த்தான். "அலாமாக்! அப்ப சாமி தெனமும் காலையில மாடு சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்காரா?"

வரிசையே சிரித்தது. ரூபேந்திரனும் சிரித்தான். காது சூடானது.

"சும்மா இருடா," என்று மனோகரன் அவனை அடக்கினார். கெட்ட மனிதர் அல்ல. ரூபேந்திரன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "என்ன மருந்துன்னு நான் கேக்கல. ஆனா காவடி தூக்கற உடம்பு தம்பி. ஒரு மண்டலம்தானே லா. முடிஞ்சதும் போட்டுக்க. அதுவரைக்கும் முருகன் பாத்துப்பான்."

வேறு வழி இருந்தது. கிளினிக் மருந்து முகப்பில் போய், இதை மாத்திரையாகத் தருவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த முகப்பில் முக்காடு போட்ட ஒரு மலாய் அக்கா இருப்பார், எப்போதும் சிரித்த முகம். அவரிடம் போய், இதில் மாடு இருக்கிறது, எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பின்னால் வரிசையில் இருப்பவர்கள் காதில் விழாதா? அவர் தப்பாக எடுத்துக்கொண்டால்? மனசுக்குள் மலாயில் அந்த வாக்கியத்தைப் பலவிதமாகச் செய்து பார்த்தான். எந்த வாக்கியமும் வாய்வரை வரவில்லை. பெட்டியைத் துணி அலமாரியில், குளிர்ச்சட்டைக்கு அடியில் வைத்தான்.

முதலில் ஒன்றுமே ஆகவில்லை. இரண்டு வாரம், மூன்று வாரம், நன்றாகவே இருந்தான். காலையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொள்ளும்போது உடம்பு லேசானதுபோலக்கூட இருந்தது. மருந்து தேவைப்படவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தான். அந்த நினைப்பில் சின்னக் கர்வமும் இருந்தது. நான் அப்பா இல்லை.

பிறகு அது வந்தது. கதவைத் தட்டிக்கொண்டு வரவில்லை. ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்போதும் அப்படித்தான். முதலில் தரையின் மூலையில் ஒரு ஈரம், யாரோ சிந்திவிட்டார்கள் என்று தோன்றும். அவனுக்கு முதலில் தூக்கம் போனது. பிறகு சுவை போனது. பிறகு மற்றவர்களின் குரல் தூரம் போனது. தீபனின் பின்விளக்கு மட்டும் பக்கத்தில் வந்தது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் அது எரிந்தது, லாரி மறைத்தது, அணைந்தது. நீ முன்னால போடா. அந்த மூன்று சொல்லையும் அவன் வாய்தான் சொல்லியிருந்தது.

மருந்தை நிறுத்தியதால் இப்படி ஆகிறது என்று அவன் நினைக்கவில்லை. நிறுத்தியபோது ஒன்றும் ஆகவில்லையே. இது ரத்தம் என்று நினைத்தான். அப்பாவின் ரத்தம். மருந்துக்கு அடங்கியதுபோல நடித்தது, சாமிக்கு அடங்கியதுபோல நடித்தது, இப்போது தன் சொந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. சாகும்வரை இது வரும், போகும், வரும். அவனுக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் வரும். ஒருநாள் குளியலறைக் கண்ணாடியில் தவறிப்போய்த் தன்னைப் பார்த்தபோது அய்யாவு தெரிந்தார். அந்த இறங்கிய கன்னம், அந்த எதையும் பார்க்காத பார்வை. கண்ணாடியின் மேல் துண்டைப் போட்டான்.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகம் அவனைத் தடுத்தது. வாழ்நாள் முழுவதும் 'உட்காந்தவன் பொண்டாட்டி' என்று பேசப்பட்டவள் இப்போது கோயிலில் முதல் வரிசையில் நின்றாள். "வெள்ளையம்மா, உன் மவன் முகத்துல ஒரு களை இருக்கு," என்று பெண்கள் சொன்னபோது அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அதை அவளிடமிருந்து எப்படிப் பறிப்பது?

பொங்கல் கழிந்த ஒரு நாளில் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. அது ஏற்கெனவே அங்கே இருந்ததுபோலவும், அவன் அதில் போய் இடித்துக்கொண்டதுபோலவும் இருந்தது. தைப்பூசத்தன்று காவடியை எடுத்து இறக்கிவிட வேண்டும். அம்மாவின் நேர்த்தி தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவன் இருக்கத் தேவையில்லை. அந்த எண்ணம் வந்ததும், வெகுநாளுக்குப் பிறகு, அவனுக்குள் ஓர் அமைதி வந்தது. அந்த அமைதிதான் பயங்கரமானது. அதையும் பெண்கள் களை என்றார்கள்.

சாமான்களைக் கொடுக்க ஆரம்பித்தான். புதுச் சப்பாத்தை வேலுவிடம் கொடுத்தான். "சாமி, நெசமாவா? பிராண்டு சாமான் லா இது!" என்று வேலு அப்போதே காலில் மாட்டிக்கொண்டான். மோட்டார் சைக்கிள் சாவியை ஷாமளாவிடம் நீட்டினான்.

"எனக்கு எதுக்கு? நான் ஓட்டினா சிகாமட்டே காலியாயிடும்," என்றாள் அவள்.

"வச்சுக்க. எனக்கு வேணாம்."

"அம்மா! சாமிக்குப் பற்று விட்டுப்போச்சு! நாளைக்கு மலைக்குப் போயிடப் போறாரு, பாத்துக்குங்க."

"பேசாதடி. விரதம் அப்படித்தான் இருக்கும்," என்றாள் வெள்ளையம்மா உள்ளேயிருந்து.

நாற்காலியிலிருந்த அய்யாவு அந்தச் சாவியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் ரூபேந்திரன் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், வெறும் சிமெண்டுத் தரையில் இருந்தான். வெயில் கொளுத்தியது. அய்யாவு வந்தார். அவர் முட்டி மடங்குவதற்கு நேரம் எடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்தார்.  

"எந்திரிப்பா. கிளினிக்குக்குப் போவோம்."

"எதுக்குப்பா?"

"நீ மருந்து போடறதில்ல. ரொம்ப நாளாச்சு."

"தைப்பூசம் முடியட்டும்."

"முடிஞ்சதும் நீ இருப்பியா?"

ரூபேந்திரன் திரும்பினான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியைச் சந்தையில் விலை கேட்பதுபோலக் கேட்டிருந்தார். பொய் சொல்லலாம் என்று ரூபேந்திரன் வாயைத் திறந்தான். எது பொய், எது நிஜம் என்று பிரித்து எடுக்கக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

"இல்லப்பா," என்றான். பிறகு அழுதான். சத்தம் இல்லாமல், முகம் கோணாமல், கண் மட்டும் ஒழுகியது.

அய்யாவு எழுந்தார். அவன் கையைப் பிடித்து எழுப்பினார். செம்பனைக் குலை தூக்கிய கை. இன்னும் இரும்பாக இருந்தது. உள்ளே கூட்டிப்போய் ஒரு தம்ளர் கஞ்சியை எடுத்து நீட்டினார். "குடி. வெறும் வயித்தோட வண்டியில வராத."

வெள்ளையம்மா ஓடிவந்தாள். "என்னாங்க பண்றீங்க? இன்னைக்குச் சாப்பாடு முடிஞ்சிருச்சு, இனிமே எதுவும் குடுக்கக் கூடாது! தைப்பூசம் வந்து வாசல்ல நிக்குது. சாமி குத்தம் ஆயிடும்ங்க!"

"ஆகட்டும்."

"நீங்கதான் உருப்படல. என் புள்ள ஒருத்தன் விரதத்துல ஒழுங்கா நிக்கறான், அதையும் முறிக்கணுமா?"

அவள் அப்படி ஒருநாளும் பேசியதில்லை. பேசிவிட்டு அவளே பயந்து நின்றாள். அய்யாவு குரலை உயர்த்தவில்லை.

"இது விரதம் இல்ல, வெள்ளையம்மா. இது என்னோடது. எனக்குத் தெரியாதா?"

ஷாமளா அடுப்பை அணைத்தாள். மோட்டார் சாவியை எடுத்து வந்து அப்பாவின் கையில் வைத்தாள். அவள் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

கிளினிக்கில் டாக்டர் சுபத்ரா இருந்தார். இளம் டாக்டர், பேச்சில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தன. அவரும் சுற்றி வளைக்கவில்லை. "உயிர வச்சுக்க வேணாம்னு நெனப்பு இருக்கா? எப்போன்னு முடிவு பண்ணியிருக்கீங்களா?" என்று நேராகக் கேட்டார். கேட்டதும் சொல்வது சுலபமாக இருந்தது. சொன்னான். டாக்டர் அப்போதே மருத்துவமனையின் மனநல டாக்டருக்குப் போன் செய்து பேசினார். காலையில் முதல் ஆளாக அங்கே பார்க்க வேண்டும், அதுவரை ஒரு நிமிடமும் அவனைத் தனியாக விடக் கூடாது, வீட்டில் ஆபத்தான எதையும் கைக்கெட்டும்படி வைக்கக் கூடாது என்று அய்யாவுவிடம் சொன்னார். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டபோது ரூபேந்திரன் ஜெலட்டின் கதையைச் சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதே வகையில மாத்திரை இருக்கு ரூபேந்திரன். கேப்சூலே இல்ல. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேக்க முடியல டாக்டர்."

"நிறுத்தின உடனே ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அந்த மருந்து உடம்பவிட்டு மெதுவாத்தான் எறங்கும். அதான் ஏமாத்திடுச்சு."

அய்யாவு தன் கதையைச் சொன்னார். நான்கைந்து வாக்கியம்தான். தோட்டத்தில் முதல்முறை வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. டாக்டர் எழுதிக்கொண்டார்.

"அப்ப இது ரத்தத்துல இருக்கு," என்றான் ரூபேந்திரன். "எங்கிட்டருந்து எடுக்க முடியாது."

"நோய் ரத்தத்துல வர்றதில்ல. சீக்கிரம் வந்து புடிக்கிற வாய்ப்புதான் வருது. ஒரு ஜீன் இல்ல, சின்னச் சின்னதா நூத்துக்கணக்குல. உங்க தங்கச்சிக்கும் அதே அப்பாதான், ஆனா அவங்களுக்கு வேற கலவை. அதுக்கு மேல உங்களுக்கு வெள்ளம், தூக்கமில்லாத வேல, கண்ணு முன்னாடி கூட்டாளியோட சாவு. இதெல்லாம் சேர்ந்தா யாரும் ஆடிப்போவாங்க. நீங்க மத்தவங்களவிடக் கொஞ்சம் சீக்கிரம், அவ்வளவுதான். உங்க வீடு எங்க?"

"ஆத்தோரம். பள்ளத்துல."

"மேட்டுல இருக்கற வீட்டுக்கும் அதே மழைதானே பெய்யுது?"

ரூபேந்திரன் யோசித்தான். அதில் ஆறுதல் எதுவும் தெரியவில்லை. "அப்ப எங்க வீடு எப்பவும் பள்ளத்துலதானே இருக்கும் டாக்டர்?"

 "ஆமா," என்றார் டாக்டர். "இருக்கும். ஆனா பள்ளத்துல இருக்கறவங்க வானம் கருத்ததுமே சாமானத் தூக்கி மேல வைப்பாங்கல்ல. அத மட்டும்தான் நான் சொல்லித்தர முடியும்."

மருந்து முகப்பில் அதே அக்கா சிரித்த முகத்தோடு மாத்திரையைக் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் மருத்துவமனையில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அய்யாவு வார்டு நாற்காலியைவிட்டு நகரவில்லை. மனோகரன் போன் செய்தார். விஷயத்தைக் கேட்டார். "என் வாய்தான் தம்பி, என் வாய்தான்," என்றார். வேலு சப்பாத்தைக் கழுவி, பையில் போட்டு, வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். வெள்ளையம்மா வரவில்லை. மகனுக்குப் பதிலாகத் தானே பால்குடம் எடுப்பதாகக் கோயிலில் பேர் கொடுத்திருந்தாள். புருசனோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். மகனுக்குக் கஞ்சி மட்டும் தினமும் ஷாமளாவிடம் கொடுத்தனுப்பினாள், உப்புப் போடாமல், விரதக் கஞ்சியாகவே.

தைப்பூசத்துக்கு முதல் நாள் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றும் தேறியிருக்கவில்லை. போய்விட வேண்டும் என்ற எண்ணம் போகவில்லை. அதற்குக் குறித்திருந்த நாள் மட்டும் கலைந்துபோயிருந்தது.

பூசத்தன்று காலையில் கம்பமே காலியாக இருந்தது. பாசார் சந்தைப் பக்கமிருந்து உருமி மேளம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அதன் நடுவில் எங்கோ அம்மா தலையில் பாலோடு வெறுங்காலில் நடந்துகொண்டிருப்பாள். ரூபேந்திரன் அப்பாவுடன் வீட்டுக்குள் இருந்தான். காலை மாத்திரையை அய்யாவுதான் உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தார். விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பப்பா இது விடும்?" என்று ரூபேந்திரன் கேட்டான். "மருந்து போட்டா எத்தன நாள்ல?"

அய்யாவு மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியலப்பா," என்றார். "எனக்கு யாரும் குடுத்ததில்ல."